நீல ஃபிளாஸ்க்

“நூத்தி ரெண்டு!” என்று மேடையில் நின்ற சின்ன டிரைவரைப் பார்த்துக் கத்தினார் எடை மேடைக் கிளார்க். “இன்னும் ரெண்டு கிலோ. புது கிரேன் உனக்குத்தான் தம்பி!”

அடுத்து பெரிய டிரைவர் ஏறினார். நூற்றுப் பத்து.

“என்னண்ணே, போன வாரத்தைவிட ஒண்ணு கூட? பாக்கெட்ல யாரையாவது உட்கார வெச்சிருக்கீங்களா?”

யார்டே சிரித்தது. பெரிய டிரைவருக்கு வயிறு எரிந்தது.

புது கிரேனில் ஏ.சி. கேபின். நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர் ஏறக்கூடாது. மாதக் கடைசிக்குள் யார் எடை நூறுக்கு இறங்குகிறதோ அவருக்கு. இருபத்தாறு வருஷம் வெயிலில் வெந்தவர் அவர். தட்டிப் பறிக்கப்போகும் சின்ன டிரைவரோ மனைவியின் தம்பி. அவரே கையைப் பிடித்து வேலைக்குக் கொண்டுவந்த பயல்.

“அத்தான், இன்னிக்கு சேர்ந்து நடந்தே வீட்டுக்குப் போலாமா?”

“நீ நட. எனக்கு பைக் இருக்கு.”

நடையா இளைக்க வைக்கிறது? எல்லாம் அந்த நீல ஃபிளாஸ்க்தான். கேன்டீன் கூல்டிரிங்க் மிஷினில் சர்க்கரை இல்லாத டயட் கலரைப் பிடித்து, காலையிலேயே ஓய்வறை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவான் மச்சினன்.

அவர் வீட்டிலும் இந்த மாதம் டயட் கலர்தான். மனைவியே வாங்கி வைத்திருந்து தினமும் சாயங்காலம் டம்ளரில் ஊற்றித் தருவாள்.

“சர்க்கரையே இல்லையாம், தேனா இனிக்குதேடி!” என்று இரண்டு டம்ளர் கூடவே குடிப்பார். இருந்தும் அவருக்கு ஏறுகிறது, அவனுக்கு இறங்குகிறது.

அதனால்தான் முதல் வாரத்திலிருந்தே அவரும் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் ஓய்வறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஃபிளாஸ்க்கைத் தொட்டியில் கவிழ்ப்பார். அதே மிஷினின் பக்கத்துக் குழாயில் வரும் சர்க்கரைக் கலரைப் பிடித்து நிரப்புவார். நிறமும் ஒன்று, மணமும் ஒன்று.

‘குடிடா ராசா, குடி!’

மாதக் கடைசி. மச்சினன் தொண்ணூற்றெட்டு. பெரிய டிரைவர் நூற்றுப் பன்னிரண்டு.

பைக்கில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, இருட்டியபின் வீட்டுக்கு வந்து செருப்பை உதறினார். “ஜெயிச்சிட்டான் உன் தம்பி! லிட்டர் லிட்டரா டயட் கலர் குடிச்சு ஜெயிச்சிட்டான்!”

“அவனா?” மனைவி திரும்பினாள். “அவன் ஒரு வாய்கூடக் குடிக்கலைங்க. வெறும் தண்ணியும் நடையும்தான்.”

“அப்போ அந்த ஃபிளாஸ்க்?”

“உங்களுக்குத்தான். ‘அத்தான் சாயங்காலம் கலர் இல்லாம இருக்க மாட்டார், சர்க்கரைக்குப் பதிலா இதையாவது குடிக்கட்டும். நான் குடுத்தேன்னா தொட மாட்டார், நீயே வாங்கினதாச் சொல்லுக்கா’ன்னு தினமும் பின்வாசல் வழியாக் கொண்டுவந்து குடுத்தான். இன்னிக்கும் குடுத்துட்டுத்தான் போனான்.”

நீல ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள்.

“சர்க்கரைதான் இல்லையே, தாராளமாக் குடிங்க.”

அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.