உஷார் சாரின் ரகசிய வார்த்தை

"யாரும் சத்தம் போடக் கூடாது. கையில இருக்கறதை எல்லாம் இந்த டப்பாவுல போடுங்க. கடைசியா வந்தவர், கதவைச் சாத்துங்க!"

பன்னிரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். தகர டப்பா நிரம்பியதும் மூடியை அழுத்தி மூடி, அதன் மேல் கனமான பைல் ஒன்றையும் தூக்கி வைத்தார் அவர்.

கொள்ளைக்காரர் இல்லை. அந்தக் கம்பெனிக் கிளையின் பாதுகாப்பு அதிகாரி. வேவு பார்ப்பவர்களிடமிருந்து ஊழியர்களின் செல்போனைக் காப்பாற்ற மாதம் ஒரு வகுப்பு எடுப்பார். வாக்கியத்துக்கு வாக்கியம் 'உஷார்' என்பதால் ஆபீஸில் அவர் பெயரே உஷார் சார்.

அவருடைய போன் மட்டும் டப்பாவுக்குள் போகவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்! அது இப்போது அலறியது. மனைவி.

"என்னங்க, மத்தியான மாத்திரை போட்டீங்களா?" அந்த அமைதியில் எல்லோருக்குமே கேட்டது.

"வகுப்பு எடுக்கற நேரம்னு தெரியாது? அறிவிருக்கா உனக்கு? வை போனை!"

பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்கு மட்டும் உறைக்கவே இல்லை. அதையே பாடமாக்கினார்.

"இப்பல்லாம் நம்ம குரல்ல மிஷினே பேசுது. உஷார்! அதனால எங்க வீட்டுல ஒரு ரகசிய வார்த்தை உண்டு. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை மாத்திடுவேன். தெரியாத நம்பர்லேர்ந்து யார் கூப்பிட்டாலும், அது நானாவே இருந்தாலும், வார்த்தை சொல்லலைன்னா கட் பண்ணிடணும்னு உத்தரவு."

"மறந்துபோச்சுன்னா சார்?" என்றாள் கணக்குப் பிரிவுப் பெண்.

"ஏம்மா மறக்குது? போன்லதான் குறிச்சு வெச்சிருக்கேனே!"

அப்போது ஒரு மெசேஜ் வந்தது. 'தலைமைப் பாதுகாப்பு அதிகாரி பதவிக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள். இந்த இணைப்பில் நுழைந்து இன்று நாலு மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவும்.'

ஒன்பது வருஷமாக அவர் தூக்கத்தில்கூட உட்கார்ந்து பார்த்த நாற்காலி அது. ஒரு விநாடி முகம் மலர்ந்தது. அடுத்த விநாடி உதட்டோரம் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது.

"பார்த்தீங்களா? முடிவு அடுத்த வாரம்தான் வரும். என் ஆசையை மோப்பம் பிடிச்சு எவனோ தூண்டில் போடறான். நானா மாட்டுவேன்?"

"தொடாம விட்டா போதுமா சார்?"

"போதாது. உள்ள என்ன புகுந்திருக்கோ! சந்தேகம் வந்தா ஒரே வழிதான். மொத்தமா அழிச்சிடணும்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக, எல்லோர் கண் முன்னாலும் போனைத் துடைத்து எடுத்தார். படம், நம்பர், குறிப்பு எதுவும் மிச்சமில்லை. அறையே கைதட்டியது.

கைதட்டல் ஓய்வதற்குள் மேனேஜர் உள்ளே வந்தார்.

"வாழ்த்துகள் சார்! முடிவை ஒரு வாரம் முன்னாடியே அறிவிச்சுட்டாங்க. மெசேஜ் வந்திருக்குமே, இன்னுமா சம்மதம் சொல்லல?"

உஷார் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால்.

"நீங்களே தலைமை ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்களேன் சார்..."

"போன்ல யார் சொன்னாலும் ஏத்துக்க மாட்டாங்க. அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நீங்கதானே? நாலு மணி தாண்டினா பதவி அடுத்த ஆளுக்குப் போயிடும்."

சம்மதம் சொல்ல, கம்ப்யூட்டரில் தன் ஆபீஸ் கணக்கைத் திறக்கப் பார்த்தார். அது போனிலிருந்து சரிபார்க்கச் சொன்னது. போன்தான் பிறந்த குழந்தையாகக் கிடக்கிறதே, மறுபடி பேச வைக்கவே அரை மணி நேரம் ஆகும்! இல்லையென்றால் மீட்பு எண் வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதி பத்திரமாக வீட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது.

மனைவியின் நம்பர் அவருக்கு மனப்பாடம் இல்லை. ஊழியர் பதிவேட்டைப் புரட்டி எடுத்து, மேனேஜர் போனில் கூப்பிட்டார். எண்ணைக் கேட்கக் கேட்கத் தட்ட வேண்டுமே, ஸ்பீக்கரில் போட்டார்.

"நான்தான் பேசறேன். பீரோவைத் திற. நீலக் கவர்ல ஒரு பேப்பர் இருக்கும். அதுல இருக்கற நம்பரைப் படி!"

"ரகசிய வார்த்தை சொல்லுங்க."

"அது வந்து... 'தவளை'!"

"அது போன வாரத்து வார்த்தை."

"ஏய், என் குரல் தெரியலையா உனக்கு? மண்டையில என்ன இருக்கு? திறடி பீரோவை!"

மறுமுனை தயங்கியது. "அதட்டறதைப் பார்த்தா அவர் மாதிரிதான் இருக்கு... இருங்க." சாவிக்கொத்து குலுங்கியது. பீரோ கதவு கிறீச்சிட்டது.

உஷார் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி மூன்று ஐம்பத்தாறு. அந்த நிமிஷம் மனைவி மேல் அவருக்குப் பாசம் பொங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே பொங்கியது.

"என் தங்கம்ல! நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆவேன்? சாயங்காலம் உன்னை எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போறேன், கண்ணு. கொஞ்சம் சீக்கிரம்மா, ப்ளீஸ்..."

சாவிச் சத்தம் நின்றது. பீரோ கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"இருபத்திரண்டு வருஷத்துல எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட இப்படிப் பேசினதே இல்ல. யார்றா நீ? வைடா போனை!"