தொந்தி தெரியாத படம்

"ஸ்கேன் பார்க்காம உன் தாடையில டிரில்லை வைக்க மாட்டேன். முடிவா சொல்லிட்டேன்."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றினாள். நாற்காலியில் மல்லாந்து கிடந்த அவளுடைய அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"விழுந்த ஒரு பல்லுக்குப் பதிலா ஸ்க்ரூ வைக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அதான் எக்ஸ்ரே இருக்கே. எலும்பு எவ்வளவு உயரமா நிக்குது பாரு!"

"நேரா நின்னு எடுத்த உன் கல்யாண போட்டோ மாதிரிதான் அது. உயரம் தெரியும், தொந்தி தெரியாது. எலும்போட தடிமன் ஸ்கேன்லதான் தெரியும்."

"எல்லாருக்கும் எக்ஸ்ரேயை வெச்சுத்தானே போடறாங்க? யாருக்கு என்ன ஆயிடுச்சு?"

"அடுத்தவங்க கதை அப்புறம். நீ போறியா, அண்ணிக்கு போன் போடட்டுமா?"

அண்ணி என்றதும் அவன் முனகிக்கொண்டே கீழ்த்தளத்து ஸ்கேன் சென்டருக்குப் போனான்.

திரும்பி வந்தவனுக்கு, கம்ப்யூட்டரில் தாடையைக் குறுக்காக வெட்டிக் காட்டினாள். எக்ஸ்ரேயில் சுவர் மாதிரி நின்ற எலும்பு, நாக்குப் பக்கம் நன்றாகக் குழிந்திருந்தது.

"நேரா துளை போட்டிருந்தா டிரில் இந்தப் பக்கம் வெளியே வந்திருக்கும். பயப்படாதே, சாய்வா போட்டுக்கலாம்."

அவன் பேயறைந்தவன் போல எழுந்து வரவேற்பு மேசைக்கு நடந்தான்.

"நாளைக்கு ஸ்க்ரூ வைக்க ஒருத்தர் வர்றாரே, அவரை முதல்ல ஸ்கேனுக்கு அனுப்பும்மா."

வரவேற்பில் இருந்த பெண் விழித்தாள்.

"எக்ஸ்ரேயே போதும், நானே போட்டுடறேன்னு நேத்து நீங்கதானே அவர்கிட்ட சொன்னீங்க, டாக்டர்?"

அவன் தாடையைத் தடவிக்கொண்டான்.

"அது என் தாடையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி."