ஒரு மணித்தியாலப் பிழை

கடல்மேற் சென்றாரையும் கரையில் காத்திருப்பாரையும் ஒரே கருணையாற் காக்கும் அம்பிகையின் திருவடி துணை.

உடப்பு என்னும் கடலோர ஊரில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் சுஜாந்தி, அன்று வாய்கூசாமல் ஒரு பொய் சொன்னாள். கணவன் தனஞ்சயனின் காதுபடவே சொன்னாள்.

கணினியைச் சுமந்து வந்தவர் தம்பிமுத்து மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மாதர் சங்கம் தொடங்கவிருந்த கணினி வகுப்பைத் தாமே நடத்துவதாகவும், கணினியையும் பாகங்கள் வாங்கித் தாமே பூட்டித் தருவதாகவும் வாக்களித்திருந்தார். நான்கு நாள் பாடுபட்டுப் பூட்டியும் விட்டார். ஆனால், மின் ஆளியைப் போட்டால் காற்றாடிகள் சுழன்றனவேயன்றித் திரையில் ஒளி வரவில்லை.

கூடவந்த சங்கத் தலைவி செல்லாச்சி சிரிப்பை மறைக்கவில்லை.

"மாஸ்டரின்ர மெசின் நல்லாக் காத்து வீசுது பிள்ளை. கருவாடு காயப்போடலாம்."

அற்பப் பிழைக்கே தடுமாறுகிறவரிடம் வகுப்பை ஒப்படைக்க இயலாது, பாலாவியிலிருந்து வேறொருவரை அழைக்கப்போகிறேன் என்றும் அவர் சொல்லிவிட்டார். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

சுஜாந்தி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். எட்டிப் பார்த்த தனஞ்சயனுக்கே பிழை பளிச்செனத் தெரிந்தது. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய வயரை மாஸ்டர் அழகாகக் கொழுவியிருந்தார். புரொசசருக்குத் தனியே மின்சாரம் கொடுக்கும் சின்ன வயரை மட்டும், மிச்சம் வந்தது என்றெண்ணி, வலைநூலாற் சுற்றி ஓரமாகக் கட்டிவைத்திருந்தார்.

நூலை அவிழ்த்து, மதர்போர்டின் மூலையில் அழுத்தினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை.

சுஜாந்தி நிமிர்ந்தாள்.

"இது லேசான பிழையில்லை அக்கா. ஒரு மணித்தியாலம் வேணும். நீங்கள் கோயிலடிக்குப் போட்டு வாங்கோ. மாஸ்டர் மட்டும் என்னோட நிக்கட்டும்."

செல்லாச்சி போனதும் தனஞ்சயன் மனைவியை ஒருபுறம் அழைத்தான். கொடுக்கல் வாங்கலில் குன்றிமணியளவும் பிசகாதவன் அவன்.

"ஒரு வயர் கொழுவ ஒரு மணித்தியாலமோ? வேலையைப் பெருப்பிச்சுக் காட்டிக் காசு வாங்கிச் சாப்பிட்டா, அம்மாளுக்கு முன்னால என்னெண்டு நிக்கிறது?"

"பிறகு கதைப்பம். ஆரையும் உள்ளுக்கு விடாதேங்கோ" என்று சொல்லி, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவத்துக்குக் காவல் இருப்பவன்போல் அவன் வாசலில் அமர்ந்தான். வந்த இருவரைத் திருப்பி அனுப்பினான். முக்கால் மணித்தியாலம் கழிந்தது. உள்ளேயிருந்து மெல்லிய 'டிக்' ஒலிகள் மட்டும் வந்தன. பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தான்.

பெட்டிக்குள் ஒரு வயரும் அதன் இடத்தில் இல்லை. அத்தனையும் கழற்றப்பட்டுக் கிடந்தன. மாஸ்டர் பாயில் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. சுஜாந்தி எதையும் தொடாமல், கைகட்டிச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"இன்னொருக்கா, மாஸ்டர்."

வாய்ப்பாடு சொல்பவர்போல் முணுமுணுத்தபடி மாஸ்டர் ஒவ்வொன்றாய்க் கொழுவினார். பெரியது மதர்போர்டுக்கு. சின்னது புரொசசருக்கு. தட்டையானது டிஸ்குக்கு. இம்முறை அவருடைய விரல்கள் தயங்கவில்லை. ஆளியைப் போட்டார். திரை ஒளிர்ந்தது.

"இதோட ஆறாம் தரம்," என்றார் மாஸ்டர், தனஞ்சயனைப் பார்த்து. "முதல் தரமே நான் விட்ட வயர் தெரிஞ்சிட்டுது. பிள்ளைதான் விடமாட்டன் எண்டு, திரும்பத் திரும்ப என்னைக் கொண்டே கழட்டிப் பூட்டுவிச்சுது."

அவர் சொல்லி வாய்மூடவில்லை, செல்லாச்சி வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், பிறகு சுஜாந்தியைப் பார்த்து, எப்படிச் சரிப்படுத்தினாய் என்று கேட்டார்.

"ஒரு வயரிலயும் நான் கைவைக்கேல்லை அக்கா. கண்டுபிடிச்சதும் மாஸ்டர், பூட்டினதும் மாஸ்டர். வேணுமெண்டா, உங்களுக்கு முன்னாலயே கழட்டித் திருப்பிப் பூட்டிக் காட்டுவார்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது தனஞ்சயனுக்குத் தெரியும். கணினியைத் தானே தூக்கித் தோளில் வைத்து, மாஸ்டரின் பின்னே நடந்தான்.

இதைக் கேட்ட செவிகளுக்கு அம்பிகை எல்லா நலமும் அருள்க. ஒருவர் தலைகுனிந்து நிற்கும் வேளையில், கதவைச் சாத்தும் நல்லறிவையும் சேர்த்தருள்க.