செம்மணலில் ஒரு ஜோடி

மணலில் இரண்டு பில்பிகள் நடந்த சுவடு. ஒன்று பெண். மற்றது ஆண்.

பார்த்ததும் கிழவர் ஜக்கமாரா மணலில் மண்டி போட்டார். இத்தனை வருஷ ரேஞ்சர் வேலையில் அவர் மண்டி போட்டதெல்லாம் பூனை தின்று போட்ட மிச்சத்தைப் பொறுக்கத்தான்.

அந்தப் பாலைவன வனவிலங்குப் பூங்கா ஒரு சின்ன தேசம் அளவுக்குக் கிடந்தது. அதில் வீட்டை விட்டோடி வந்த பூனைகள் கன்றுக்குட்டி அளவுக்குக் கொழுத்து, ரேஞ்சர் வண்டி வந்தால் ஓரமாக நின்று மரியாதையாக வழிவிட்டன. முயல் காதும் எலி மூக்குமாகத் திரிந்த பில்பிகள் அவற்றின் வயிற்றுக்குள் குடியேறிவிட்டன. விலங்குகளைப் படம் பிடிக்க வைத்த எந்தக் கேமராவைத் திறந்தாலும் பூனை முகம்தான்.

ஜக்கமாராவின் கொழுந்தியாள் நப்பல்ஜாரிக்கு, அப்பா வழிக் குலவிலங்கு பில்பி. அதன் பாட்டைப் பாட அவள் ஒருத்திதான் மிச்சம். பில்பிச் சுவடு கண்ணில் படுவது நின்றதும், சுவடு பார்க்க ரேஞ்சர் வண்டியில் ஏறுவதை அவள் நிறுத்தினாள். பிறகு பாட்டை. பிறகு சாப்பாட்டை.

ஜக்கமாராவால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு விடியலில் தனியாகப் போய், விரல் நுனியாலும் முஷ்டியாலும் சுவடு போட்டு ஒரு பெண் பில்பியை மணலில் நடக்கவிட்டார். கதை சொல்லும்போது மணலில் கங்காருவை ஓடவிடாத ஆள் அவர்கள் ஊரில் கிடையாது. ஆனால் இவர் போட்ட பில்பியை ஒரு பூனை அரை மைல் பின்தொடர்ந்து, ஏமாந்து, இவரை முறைத்துவிட்டுப் போனது.

நப்பல்ஜாரி சுவட்டைப் பார்த்தாள். மறுபடி வண்டியேறினாள். தினமும் போட வேண்டியதாயிற்று.

இன்றைக்கு இந்த ஆண். இதை அவர் போடவில்லை.

கனத்த அடி. பக்கத்தில் வால் இழுத்த கோடு. பொய்ப் பெண்ணைத் தேடி நிஜ மாப்பிள்ளை வந்திருக்கிறான். எங்கோ ஒன்று உயிரோடு இருக்கிறது. ஜக்கமாராவுக்குக் கண் கலங்கியது.

"என்ன மச்சான், வயித்தாலயா? குந்துன எடத்துலயே கெடக்க?" பின்னால் நப்பல்ஜாரி.

"அடியே கொழுந்தியா, ஆம்பள வந்திருக்கான்டி! இங்க பாரு!"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பக்கத்தில் வந்து குந்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"யாருட்டயும் சொல்லிராத. அவன நாந்தான் நேத்து போட்டேன். அந்தப் புள்ள ஒண்டியா அலையுறதப் பாக்க சகிக்கல. அவ உசிரோட இருக்கால்ல, அது போதும் எனக்கு."

ஜக்கமாரா விரல்களில் ஒட்டியிருந்த மணலைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "அவ இருக்கா."

நப்பல்ஜாரி எழுந்தாள். ஆணின் சுவட்டை அலட்சியமாக மிதித்து, பெண்ணின் சுவடு கலையாமல் சுற்றிக்கொண்டு, பாடியபடி வண்டிக்கு நடந்தாள்.