சிவப்பின்மேல் தெளியும் மஞ்சள்

நாட்றம்பள்ளியை அடுத்த ஆட்டுப்பட்டியில், கால்நடை மருத்துவர் ஹெப்சி ஆட்டு ரத்தம் எடுத்துச் சாய்த்து வைத்த கண்ணாடிக் குழாய்களைக் காலை வெயில் ஊடுருவுகிறது. உறைந்த சிவப்பின்மேல் தேன்நிறத் தெளிநீர் மெல்ல ஊறுகிறது. முன்பு பதினோரு ஆடுகளை ஆட்டுக்கொல்லி நோய்க்குப் பறிகொடுத்த அன்னம்மாள் பதறுகிறாள். “இன்னா டாக்டரம்மா, ரத்தம் மஞ்சளாய்டுச்சே! மறுபடியும் வந்துடுச்சா?” “ஐயே, பயப்படாதக்கா. நல்ல ரத்தமும் இப்படித்தான் தெளியும். போட்ட ஊசி புடிச்சிருக்கா, நோய் ஒழியுதான்னு நாடு முழுக்க இத வச்சுத்தான் பாக்குறாங்க.” “இத்தினி தண்ணியிலயா?” குழாயை வாங்கி வெயிலுக்கு நேரே உயர்த்தியவள் இமைக்கவும் மறந்து நிற்கிறாள். பிறகு, ரத்தம் எடுத்தால் இளைத்துவிடுமென்று வீட்டுக்குள் ஒளித்துவைத்த செல்ல வெள்ளாட்டை இழுத்துவந்து, அதன் கழுத்தைத் தானே நிமிர்த்திப் பிடிக்கிறாள்.