இடுப்பில் வைத்த கை

கையில் வந்தது தோல்.

உலோகம் இருக்க வேண்டிய இடம் அது. பிஸ்டனிலிருந்து இறங்கும் தண்டு கிராங்க்கைக் கவ்விப் பிடிக்கும் வளையம். அதற்குள் தேய்மானம் தாங்க ஒரு புஷ், உலோகப் பூண், இருக்கும். இருந்தாக வேண்டும்.

அவள் விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். எண்ணெயில் ஊறிக் கறுத்து, இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. நடுவே ஒரு துளை. அந்தத் துளை வட்டமாக இல்லை. தினமும் மாட்டிக் கழற்றி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது.

பெல்ட்.

எழுந்து போய்க் கை கழுவினாள். கழுவத் தேவையே இல்லை. திரும்பி வந்து அதைத்தான் தொடப்போகிறாள்.

வேங்கை மோட்டார் கம்பெனியின் முதல் மோட்டார் சைக்கிள் இது. 1934இல் குழந்தைவேலு தன் கையால் செய்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் இதில் ஏறினார். கம்பெனி பிறந்ததே அந்த ஏற்றத்தில்தான். 'கால் ஊன்றாத வண்டி' என்று இன்றைக்கும் எல்லா ஷோரூம் வாசலிலும் எழுதியிருக்கும். பின்னால் யாரும் வாய்க்கு வந்ததைப் பேசக் கூடாதென்று, மேலே போய்ச் சேர்ந்த அன்றே நாலு பேர் முன்னிலையில் இன்ஜினுக்கு ஈய முத்திரை வைத்தார்.

வண்டியைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் அவள்; மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு, அந்த முத்திரையை இன்று காலை ஆறு மணிக்கு அறுத்தாள். தொண்ணூறு வருடத்தில் முதல் தடவை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனியின் தொண்ணூறாம் ஆண்டு விழா. மேடையைச் சுற்றி வண்டி ஓட வேண்டும். 'இன்ஜின் வழியில் எங்கும் திறக்கப்படவில்லை' என்று டைப் அடித்த தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், பின்கொட்டகையில் கிடக்கும் பதினோரு பழைய வண்டிகளும் அவளிடம் வரும். மூன்று வருடத்துக்கு வேலை.

அறுக்கும்வரை முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் தோல் உள்ளே போனது அதற்கு முன்னால்.

மலையில்.

சுவரில் இரண்டு போட்டோக்கள். மூன்று மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருப்பவை.

காலை, மேட்டுப்பாளையம். குழந்தைவேலு காக்கி அரைக்கால்சட்டையில் நிற்கிறார். அகலமான பெல்ட், பித்தளை பக்கிள், வாயெல்லாம் பல்.

மாலை, கோத்தகிரி. அதே சட்டை, அதே சிரிப்பு. இடது கை இடுப்பில்.

வாசலில் இருக்கும் வெண்கலச் சிலைக்கும் அந்தக் கைதான். வெற்றிக் கை என்பார்கள். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் சிலைக்குப் பக்கத்தில் அதே மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

மாலைப் படத்தில் பெல்ட் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளில்லாத ஷெட்டில் வாய்விட்டே சிரித்தாள். வெற்றியாவது மண்ணாவது. மனுஷன் டிராயர் நழுவாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்புறம் சிரிப்பு நின்றது.

ஏதோ ஒரு வளைவில் புஷ் உருகிப் போயிருக்கும். வயது இருபத்தாறு. கூட ஆள் கிடையாது. ஒரு ஸ்பானர், ஒரு பேனாக்கத்தி. ரோட்டோரத்தில் இன்ஜினைப் பிரித்து, இடுப்பில் இருந்ததை அறுத்து, எண்ணெயில் முக்கி, உள்ளே வைத்து மூடி, மேலே வந்து சேர்ந்திருக்கிறார். நல்ல வெளிச்சமும் நாலு பெட்டி சாமான்களும் வைத்துக்கொண்டு அவளுக்குப் பிரிக்க மட்டுமே இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பிறகு அதை மறைத்தும் இருக்கிறார். முத்திரை யோசனை அவருடையதாகத்தான் இருக்கும். கள்ளன்.

கும்பிடத் தோன்றியது. கும்பிட்டாள்.

டைப் அடித்த தாளைத் தள்ளி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். ஏழு வரி. பதினோரு வண்டிகளும் வரிக்கு வரி கண் முன்னால் வந்து நின்றன. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது கீழ்மூலையில் பெருவிரல் எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். வரதப்பன், குழந்தைவேலுவின் பேரன். எழுபத்திரண்டு வயதாகியும் கோபம் குறையாதவர் என்று பெயர். தோலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். நடந்திருக்கக் கூடியதைச் சொன்னாள். இரண்டு தாள்களையும் நீட்டினாள்.

அவர் தோலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மாலைப் படத்துக்குக் கிட்டே போனார்.

வேலை போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"தனியாவா பண்ணாரு?"

"ஆமாங்க. நடுவழியில."

வண்டி ஓடுமா என்று கேட்டார். புது புஷ் ஊற்றிக் கடைய இரண்டு நாள் ஆகும், இந்தத் தோலுக்கும் உயிர் போய்விட்டது என்றாள். நல்ல தோலாக ஒரு துண்டு கிடைத்தால் மேடையை மூன்று சுற்று வரும். மலையே ஏறிய வைத்தியம்தானே என்றாள்.

வரதப்பன் கை இடுப்புக்குப் போனது. பெல்ட்டை உருவி மேசைமேல் வைத்தார். இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். எதைப் படிப்பார் என்று சொல்லவில்லை.

நாலு மணிக்கு வண்டி மூன்று சுற்று வந்தது. உள்ளே ஒரு டொக் டொக். அவளுக்கு மட்டும் கேட்டது.

வரதப்பன் மைக்குக்கு வந்தார். இடது கை இடுப்பில். அப்படியே தாத்தா என்று கூட்டம் கை தட்டியது. போட்டோக்காரர் முன்னால் ஓடி வந்து, அந்தக் கையை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் எங்கே எடுப்பது.

வலது கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. படிக்கத் தூக்கிப் பிடித்தார். பின்னாலிருந்து விழுந்த வெயிலில், அதன் கீழ்மூலையில் பெருவிரல் அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை தெரிந்தது.