பூட்டினானா, இல்லையா?

"நாலாயிரத்து முந்நூத்தி இருபது. எண்ணி வை. இல்லேன்னா இப்பவே மெஷினைக் கழட்டுறேன்" என்று கொட்டகை முதலாளியை மிரட்டிக்கொண்டே வட்டிக்காரர் புரொஜெக்டர் மேல் கையை வைத்தார். சுட்டது. எடுத்துக்கொண்டார்.

கீழே ஜனங்கள் கத்திக்கொண்டே வெளியே போனார்கள். இன்றைக்கும் முடிவு தெரியவில்லை. படம் முடிகிற நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டது.

நொடித்துப்போன கொட்டகை ஒன்றைப் பற்றிய சிரிப்புப் படம் அது. கடன் கொடுத்தவன் பூட்டோடு வாசலில் வந்து நிற்பான். கொட்டகைக்காரன் குறுக்கே படுத்துக்கொள்வான். தினமும் அங்கே வந்ததும் இருட்டு.

"அதெப்படிய்யா தினமும் அதே இடத்துல?"

"பழைய ஒயருண்ணே" என்றார் முதலாளி. ஆபரேட்டர் குனிந்து ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வசூலுக்கு வந்த வட்டிக்காரர் முதல் நாள் சும்மா எட்டிப் பார்த்தார். அப்புறம் தினமும் மனைவியோடு ஓசியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டத்தான் போறான்" என்றாள் இன்றைக்கும் கூடவே மேலே ஏறி வந்திருந்த அந்த அம்மா. "முழியைப் பார்த்தீங்களா? அப்படியே உங்க முழி."

"பூட்டமாட்டான்டி! எங்களுக்கும் மனசு இருக்கு."

"இருக்கா? எந்தப் பக்கம்?"

வட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. முதலாளி பக்கம் திரும்பினார். "முடிவை வாயால சொல்லித் தொலைய்யா!"

"சொன்னா வெளியே பரவிடும். நாளைக்கு எவன் டிக்கெட் எடுப்பான்? இப்பத்தான் நாலு சனம் வருது. முன்னே எலிதான் வரும், அதுவும் ஓசியில."

"யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"மெஷினைக் கழட்டப்போறவர்கிட்ட நான் எதுக்குண்ணே சொல்லணும்?"

"மனசு இருக்குன்னீங்களே" என்றாள் மனைவி. "அந்தப் புரோநோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கேளுங்க பார்ப்போம்!"

வட்டிக்காரர் பையிலிருந்து, முதலாளி கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டை எடுத்தார். மனைவியை ஒரு முறை முறைத்தார். நாலாகக் கிழித்துக் கீழே போட்டார்.

"இப்பச் சொல்லு. பூட்டினானா, இல்லையா?"

"பூட்டலைண்ணே. புரோநோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுறான்."

"பார்த்தியாடி!" வட்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினார்.

அவர்கள் தலை மறைந்ததும் ஆபரேட்டர் கிசுகிசுத்தான். "முதலாளி, ரீலை எண்ணிப் பார்க்காம படப்பெட்டியை இறக்கிட்டேன், கடைசி ரீலே வரலை. அதுக்குத்தானே தினமும் ஃபியூஸைப் பிடுங்குறேன்! முடிவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினார்.

"இப்பத்தானேடா பார்த்தேன்."